அச்சு யாருடையது?

தேவனாம்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு செய்யும் கொட்டகை ஒன்றில், முடிந்த படகு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார் ஓர் அண்ணன். மெழுகின் மேல் ரெசினையும் கண்ணாடியிழை மேட்டையும் அடுக்கி, இறுகியதும் உரித்தெடுத்தால் புது அச்சு தயார். "இந்த மாடல் யாரோடதுண்ணே?" என்று கேட்டேன். "எங்களுதுதான் தம்பி" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முன்னால யாருதோ" என்று சிரித்தார்.

திருப்பாப்புலியூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த "யாருதோ" கூடவே வந்தது. காரணம், அப்போது நான் பழைய ஃபைபர் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1950களில் பிரிட்டனில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டையோ ஆஸ்டின் செவனையோ வாங்கி, துருப்பிடித்த உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, சின்னச் சின்ன நிறுவனங்கள் விற்ற ஃபைபர் கூட்டை அதன் மேல் பொருத்தி ஓட்டினார்கள். இன்று அப்படியொரு கார் ஏதாவது கொட்டகையிலிருந்து வெளியே வந்தால் முதல் கேள்வி, இது யாருடைய கார்? முகப்பில் இருக்கும் பெயரை நம்ப முடியாது. கீழே குனிந்தால், ஏ எழுத்து வடிவச் சட்டம் ஆஸ்டின் செவன் என்று காட்டிக்கொடுக்கும். கண்ணாடி ஒரு காரிலிருந்தும் விளக்கு இன்னொரு காரிலிருந்தும் வந்திருக்கும்.

சாப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் நியூயார்க் கண்காட்சியில் இஸ்ரேலின் ஸ்போர்ட்ஸ் காராக அது அறிமுகமானது. அதன் உடல் ஆஷ்லி என்ற பிரிட்டிஷ் கிட் நிறுவனத்தின் வழி வந்தது. சேசிஸ் லெஸ்லி பலாமியுடையது. இரண்டையும் சேர்த்துக் காராக்கியது டாம்வொர்த்தின் ரிலையன்ட். அதே ரிலையன்டின் கிட்டன்தான் 1980களில் பெங்களூரில் 'சிபானி டால்ஃபின்' ஆனது. இதில் எது பொய்?

நகலெடுப்பதே குற்றம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. ஓர் அச்சிலிருந்து பல படகுகள் எடுக்க முடிந்ததால்தான் அது சாத்தியமானது. சுவாமிமலையில் மெழுகு உருக்கி வார்க்கும் சிலைக்கு அச்சை உடைத்தாக வேண்டும், ஒன்று என்றால் ஒன்றுதான். மீனவருக்கு அது கட்டுப்படியாகுமா?

ஆனால் புரூஸ் மேயர்ஸ் நினைவுக்கு வருகிறார். 1964இல் கலிஃபோர்னியாவில் 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற மணல்மேட்டு வண்டியைச் செய்தவர். ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து ஊரெல்லாம் விற்றார்கள். வழக்குப் போட்டார், தோற்றார். அவர் தொழிலும் நொடித்தது. அவருக்கு எதிரே நின்றுகொண்டு "பகிர்வதுதானே நல்லது" என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. எடுத்ததைவிட, எடுத்த இடத்தை மறைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அப்படிப் பார்த்தால் மூலத்தைத் தேடுவது வண்டியின் விலையை ஏற்றவோ இறக்கவோ அல்ல, பழைய கடனை ஒப்புக்கொள்ளத்தான்.

நம் சட்டத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 2021 விதிப்படி, ஐம்பது வயதைக் கடந்து, அசல் வடிவத்திலேயே பேணப்பட்ட வண்டிதான் 'விண்டேஜ்'. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கிட் கார் பிறந்ததே மாற்றத்தில்தான். அதன் அசலை எங்கே போய்த் தேடுவது? சேசிஸ் செய்த தொழிற்சாலையிலா, அச்சு எடுத்த பட்டறையிலா, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டையும் பொருத்திய ஆளிடமா? அந்த மூன்றாவது ஆளின் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அடுத்த முறை போனபோது அண்ணனிடம் கேட்டேன்: "ஒரே அச்சுல பத்து போட்டு வந்தா, உங்க கை வெச்சது எதுன்னு தெரியுமா?" அவர் படகுக்குள் இறங்கி, வழவழப்பே இல்லாத உள்பக்கத்தைத் தடவினார். "வெளிய எல்லாம் அச்சு தம்பி, எவன் செஞ்சாலும் ஒண்ணுதான். உள்ள பாரு, மேட்டு மேல மேட்டு ஏறுற இடம். இது நான் ஒட்டுனது."

தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது.