எத்தனை சென்டிமீட்டர்?

பெண் பார்க்க வருகிறவர்கள் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். கூடைப்பந்துத் தேர்வில் நாடா பிடிக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆட்டத்தில் உயரத்துக்கு வேலை இருக்கிறது. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் பழக்கூடையை மாட்டிய மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. வளையம் இன்றும் அங்கேதான். பெண்களுக்காகப் பந்தைச் சிறிதாக்கினார்கள், வளையத்தை இறக்கவில்லை.

உயரம் பிறப்பால் வருவது, திறமை உழைப்பால் வருவது, ஆகவே திறமையைப் பார்ப்பதே நியாயம் என்பார்கள். பேரிகையில் இருந்துகொண்டு என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. பள்ளி விட்டதும் பையன்கள் மைதானத்துக்குப் போகிறார்கள். அம்மா கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கு ஷிப்டு போயிருப்பாள். மகள் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும். திறமை என்பது பந்தோடு கழித்த மணிநேரம். அது யாருக்குக் கிடைத்தது? உயரம்கூட வெறும் பிறப்பா என்ன? வளர்கிற வயதில் வீட்டில் முட்டை யார் தட்டுக்குப் போனது என்பதும் அதில் சேர்த்தி.

நாடா சிலருக்கு வழி திறந்ததும் உண்டு. பஞ்சாப் கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குலம். 2015இல் என்பிஏ டிராஃப்டில் டல்லாஸ் அணி அவரை 52ஆவதாக எடுத்தது. ஆனால் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் ஆறடி இரண்டங்குலம். இந்திய அணியில் அண்ணாந்து பார்க்க வைத்தவர். 2011இல் மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகள் அழைத்துச் சோதித்தன, எதுவும் எடுக்கவில்லை. அங்கே அந்த உயரம் அதிசயமல்ல.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியை ஒரு தேர்வு முகாமுக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டு வயது. சுவரோடு நிறுத்தினார்கள், எழுதினார்கள், அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். "பந்தே குடுக்கலையேக்கா" என்றாள். எனக்கு நாடாவின் மீது கோபமில்லை. அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. பெண்பிள்ளைகள் பூப்பெய்திய பின் உயரம் கூடுவது குறைந்து, சில ஆண்டுகளில் நின்றுவிடும். அந்த வரிசையில் நெட்டையாக நின்றவள் முந்திப் பூத்தவளாக இருக்கலாம். இவள் இனிமேல்தான் வளரப் போகிறாளோ என்னவோ. அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை.

"உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதும்மா" என்றார் பயிற்சியாளர். உண்மைதான். பாஸ் கொடுக்குமுன் அவள் கண் எங்கே போகிறது என்பதையும் சுவரோடு நிறுத்திப் பார்க்க முடியாது, சார். இருபது நிமிடம் ஆடவிட வேண்டும்.