தோளுக்கினியான்

உறையூரில் வசிக்கும் இளநண்பர் ஒருவர், எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், தாமே படமெடுத்துக் கேட்பவர்களுக்குக் கொடுத்து ஜீவனம் நடத்தும் புகைப்படக்காரர். மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசியன்று, விடிவதற்கு முன்பே ரத்னாங்கி சாத்திக்கொண்டு உற்சவரான நம்பெருமாள் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசலைக் கடந்து வரும் அந்த நிமிஷத்தைப் படமாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. அதற்கான அனுமதிச் சீட்டை நாடி ஓர் அலுவலகத்துக்குப் போனவரிடம் மேஜைக்கு அப்பாலிருந்து வந்த முதற்கேள்வி, “எந்தப் பத்திரிகை?” என்பது. “ஒன்றும் இல்லை, கேட்கிற எல்லாருக்கும் கொடுப்பேன்” என்றார் இவர். “அப்படியானால் பொது வரிசையில் வாருங்கள்” என்று விஷயம் முடிந்துவிட்டது. அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏன் ஐயா, பார்ப்பதற்குக்கூடவா ஓர் அதிகாரம் வேண்டும்?” என்று கேட்டார்.

கேள்வி புதிதன்று. எந்த சாஸ்திரத்தைத் தொடங்கும்போதும் நான்கு சங்கதிகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது வேதாந்திகளின் மரபு: அதைக் கற்கத் தகுந்த அதிகாரி யார், அது கூறும் விஷயம் என்ன, விஷயத்துக்கும் சாஸ்திரத்துக்கும் சம்பந்தம் யாது, முடிவில் பிரயோஜனம் என்ன. இவற்றில் அதிகாரி யார் என்ற முதல் விசாரத்தை நம் காலத்து அலுவலகங்களும் சிரத்தையாகவே நடத்துகின்றன. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட அங்கீகார விதிகளின்படி, ஒரு ஸ்தாபனத்தில் முழுநேரம் பணிபுரியும் பத்திரிகையாளருக்கு 5 ஆண்டு அநுபவம் போதும். ஒருவரையும் சாராது தொழில் செய்பவருக்கோ 15 ஆண்டு வேண்டும். கேட்டவுடன் இது அநியாயமாகத் தோன்றினாலும், ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் இவன் இன்னான் என்று பிணை சொல்ல யாராவது வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆசிரியருடைய கடிதம் இல்லாதவனுக்குச் சீட்டு இல்லை என்பதும், ஆசாரிய சம்பந்தம் இல்லாதவனுக்கு மந்திரத்தின் உட்பொருளாகிய ரகசியார்த்தம் இல்லை என்பதும் ஏறக்குறைய ஒரே ஜாதிக் கட்டுப்பாடுகள்தாம். ரகசியார்த்தம் ஒன்றைப் பெறுவதற்காக இதே ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் இராமாநுஜர் என்கிறது குருபரம்பரை. “நீர் ஒருமுறைதானே போயிருக்கிறீர்?” என்றேன். நண்பர் சிரிக்கவில்லை.

பூரண அதிகாரம் பெற்றவர்கள் பூரணமாகப் பார்த்துவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. சென்னை ராஜதானி அரசாங்கம் 1856இல் தன் சொந்தப் புகைப்படக்காரராகவே நியமித்த லின்னேயஸ் ட்ரைப், ஸ்ரீரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் எடுத்த படங்கள் 1858இல் வெளிவந்தன. அவரைவிடப் பெரிய அட்டை எவரிடத்தில் இருந்திருக்கும்? ஆனால் அக்காலத்துக் காமிராவுக்கு ஒளியை மெதுவாகத்தான் உண்ணத் தெரியும். அசையாத கல்லும் கோபுரமும் அதில் தங்கினவேயன்றி, நடந்து போன மனிதர்கள் சுவடின்றிக் கரைந்து போயினர். அரங்கனைத் தேடி வந்தவர்கள் இல்லாத அரங்கமாக அது பதிவாயிற்று.

அதிகாரம் என்றவுடன் நண்பர் திருப்பாணாழ்வாரைத் துணைக்கு அழைத்தார். தம் ஊர்க்காரர் அல்லவா! உறையூரில் பிறந்து, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டு, காவிரியின் தென்கரையிலேயே நின்று யாழ் மீட்டிய பாணரை, தீர்த்தம் எடுக்க வந்த உலோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கல்லெறிந்தார் என்றும், நெற்றியில் வழிந்த குருதி அரங்கன் திருநெற்றியில் தோன்றிற்று என்றும், பாணரைத் தோளில் சுமந்து வருமாறு முனிவருக்கு ஆணை பிறந்தது என்றும் வைஷ்ணவ மரபு கூறுகிறது. அப்படிச் சுமக்கப்பட்டுச் சென்றவர் திருவடி தொடங்கித் திருக்கண்கள்வரை கண்டு பாடிய பத்துப் பாசுரங்களே அமலனாதிபிரான். கண்ட கண்கள் இனி வேறொன்றையும் காணா என்று முடித்த அவர் அங்கேயே அரங்கனோடு கலந்துவிட்டார். “அவரிடம் யார் சீட்டுக் கேட்டார்கள்?” என்றார் நண்பர்.

எனக்கோ அந்தக் கதையில் வேறொருவர் மேல் கண் சென்றது. உலோகசாரங்கருக்கு சந்நிதியில் நுழைய என்றைக்கும் தடை இருந்ததில்லை. அந்த அதிகாரத்தை அவர் முதலில் பிரயோகித்தது கல்லெறிவதற்கு; பிறகு அதே அதிகாரம் ஒருவரைச் சுமப்பதற்கு ஆயிற்று. தோளின்மேல் இருந்தவர் அரங்கனைக் கண்டார். சுமந்தவர் நடையையும் பாரத்தையும் கவனித்துக்கொண்டிருந்திருப்பார். பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைப் பாருங்கள். அவனுக்கு அவர்களைவிட அருகில் இருப்பவர் யார்? ஆயினும் தண்டைத் தாங்கி முன்னோக்கி நடக்கும் அவர்களுக்கு அந்நேரம் திருமுகம் தெரிவதில்லை. வீதியில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது. அவர்கள் சுமக்கும் பல்லக்கு ஒன்றுக்குத் ‘தோளுக்கினியான்’ என்று பெயரிட்டவர், பாரத்தை மறைக்காமலே அதை இனிப்பாக்கிவிட்டார்.

இதைச் சொன்னபோது நண்பர் தம் பழைய காமிராவை என் கையில் கொடுத்துக் கண்ணை வைக்கச் சொன்னார். வேப்பமரம் தெரிந்தது. விசையை அழுத்தினேன், உள்ளிருந்த கண்ணாடி மேலெழும்ப, ஒரு கணம் எல்லாம் இருண்டு, மீண்டும் மரம் வந்தது. “எந்தக் கணம் படத்தில் விழுகிறதோ அந்தக் கணத்தை எடுக்கிறவன் பார்ப்பதில்லை, ஐயா” என்றார்.

அவருடைய கேள்விக்கு விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. பார்ப்பதற்கு அதிகாரம் வேண்டியதில்லை. தென்கரையில் நின்ற பாணருக்குப் பார்வை எப்போதும் இருந்தது. பிறருக்காகப் பார்க்கப் புகுகிறவனுக்குத்தான் அதிகாரம் வேண்டும், தண்டு தாங்குகிறவனுக்குத் தோள் வேண்டியதுபோல. பதினைந்து ஆண்டு என்கிற கணக்கை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த மேஜையில், பிரயோஜனம் என்ன என்ற நான்காவது கேள்வியையும் கேட்டிருக்கலாம் என்பதே என் குறை. கேட்டிருந்தால் இவர் சொல்ல விடை உண்டு. ஏகாதசியன்று பாலத்தைக் கடக்க வலுவில்லாமல் உறையூரிலேயே இருந்துவிட்ட அடுத்த வீட்டுப் பாட்டி, இவர் ஊர் திரும்பியதும் படம் எப்படி வந்தது என்று விசாரிப்பதில்லையாம். “பெருமாள் எப்படி இருந்தார்?” என்றுதான் கேட்கிறாளாம்.