சுமப்பவரைச் சுமப்பவர் யார்?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வரும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் மகன் மனச்சிதைவு நோயால் பல்லாண்டுகளாக வீட்டுக்குள்ளேயே வாழ்பவன். “மகன் எப்படி இருக்கிறான்?” என்று பலர் கேட்கின்றனர். “பரவாயில்லை” என்று சொல்லி அவளும் நடக்கிறாள். “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவளைக் கேட்பவர் அரிது. கேட்டாலும் என்ன சொல்வாள்? இரவில் உறக்கமில்லை, உணவில் விருப்பமில்லை, செபமாலையைக் கையிலெடுத்தாலும் மனம் ஒன்றுவதில்லை, பொழுது விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது என்றெல்லாம் சொல்லத் துணிவாளா? சொன்னால், “தாங்கக்கூடியவர்களுக்கே ஆண்டவர் சிலுவையைத் தருகிறார்” என்ற ஆறுதல் மொழி உடனே வரும். அம்மொழி அவளைத் தேற்றுவதில்லை. அவள் வாயை அடைத்துவிடுகிறது.

பராமரிப்பவரை வாட்டும் இந்நிலையை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்பர். ஓய்வின்மை, பணமுடை, அயலாரின் ஏளனம், ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்ற அச்சம் ஆகியன ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மனத்தை முறிக்கின்றன. ஆனால் அவரோ இதனை நோயென்று கருதுவதில்லை. தம் அன்பின் குறையென்றே கருதுகிறார். ‘இவன் போய்ச் சேர்ந்தால் போதும்’ என்ற நினைவு நொடிப்பொழுது மின்னி மறைந்தாலும், தம்மைக் கொலைகாரராகத் தீர்ப்பிட்டுக் கொள்கிறார். இந்தச் சோர்வும் சலிப்பும் பாவமா?

சாவான பாவத்திற்குக் கனமான பொருளும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வியில் கற்றோம். உள்ளத்தில் ஓர் உணர்வு எழுவது வேறு. மனம் அதற்கு இசைவது வேறு. அந்நினைவு எழுந்த மறுநொடியே அத்தாயின் கை மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டுகிறதே, அந்தக் கையே அவளுக்குச் சாட்சி. களைத்துப்போன அன்பும் அன்புதான்.

அறிவுலகமும் இத்தாய்மாரைத் தண்டித்ததுண்டு. 1948-இல் பிரீடா பிராம்-ரைக்மன் என்ற உளமருத்துவர் பயன்படுத்திய ஒரு சொல், மனச்சிதைவை உண்டாக்குபவளே தாய்தான் என்ற கருத்தைப் பரப்பியது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைக் கைவிட்டன. நம் தெருக்களோ இன்னும் கைவிடவில்லை. “வளர்ப்புச் சரியில்லை”, “முன்னோர் சாபம்” என்ற பேச்சு நம் பங்குகளிலும் கேட்கத்தானே செய்கிறது?

இப்பேச்சு புனிதர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின், மூளையைத் தாக்கிய நோயால் மனம் கலங்கினார். 1888-இல் வீட்டைவிட்டுச் சொல்லாமல் மறைந்துபோனார். 1889 பிப்ரவரியில், இல்லாத பகைவரிடமிருந்து மகள்களைக் காப்பதாக எண்ணித் துப்பாக்கியை எடுத்தார். அதன்பின் கான் நகரிலிருந்த மனநோயாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று ஆண்டுகள் அங்கிருந்தார். மகள்கள் கன்னியர் மடம் சேர்ந்ததே இதற்குக் காரணமென்று ஊரார் பேசினர். லெயோனியும் செலினும் சில மாதங்கள் அந்நகரிலேயே தங்கித் தந்தையைப் பார்த்து வந்தனர். 1892-இல் அவர் வீடு திரும்பியபின், 1894-இல் இறக்கும்வரை செலின் உடனிருந்து பேணினார். தாய்மாமன் குடும்பம் துணை நின்றது. மருத்துவமனையை நாடியதாலும் உறவினரின் உதவியை ஏற்றதாலும் அவ்வீட்டின் அன்பு குறைந்துவிட்டதா? 2015-இல் திருச்சபை அந்தத் தந்தையைப் புனிதராக உயர்த்தியது. அவரது நோய் அதற்குத் தடையாகவில்லை.

மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் மற்றொரு தந்தையைக் காண்கிறோம். தீயிலும் நீரிலும் விழும் மகனைச் சிறுவயது முதல் காத்துக் களைத்தவர். சீடர்களாலும் இயலாமற்போனபின் இயேசுவிடம் வருகிறார். அவர் வேண்டுதலைக் கூர்ந்து நோக்குங்கள். மகனுக்கு மட்டும் உதவி கேட்கவில்லை. எங்களுக்கு இரங்கும், எங்களுக்கு உதவும் என்று பன்மையில் கேட்கிறார். நோய் மகனைப் பற்றியதாயினும், துன்பம் வீட்டையே பற்றியது என்று அவர் அறிந்திருந்தார். தம் நம்பிக்கைக் குறைவையும் அவர் மறைக்கவில்லை. அதற்காக ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

ஆகவே, தமக்கென உதவி கேட்பது தன்னலமன்று, அதுவும் மன்றாட்டே. இரு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் ஆர்வமும் அற்றுப்போனால், சாவை விரும்பும் எண்ணம் ஒருநாள் வந்தாலும், பராமரிப்பவரும் மருத்துவரை நாடவேண்டும். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி உதவியில் தமிழிலும் பேசலாம். செபம் மருந்துக்கு மாற்றன்று. மருந்து நம்பிக்கைக்குப் பகையன்று.

பங்குச் சமூகத்தின் கடமையோ இதனினும் எளியது. அன்பியத்தில் ஒருவர் வாரம் ஒரு மாலைப்பொழுது அந்த மகனோடு அமர்ந்திருந்தால், தாய் சற்றுக் கண்ணயரலாம். திருப்பலிக்கு அவசரமின்றிச் செல்லலாம். சீரேன் ஊராரான சீமோன் சிலுவைக்கு விளக்கம் சொல்லவில்லை. அதைத் தோளில் வாங்கினார்.

மகனைக் குணமாக்குமுன் இயேசு அத்தந்தையிடம் ஒன்று கேட்டார்: எவ்வளவு காலமாக இப்படி? நோயின் வரலாறு மட்டுமன்று, சுமந்தவரின் வரலாறும் அவ்வினாவில் அடங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அத்தாயைக் காணும்போது நாமும் அதைக் கேட்போம். பதில் முடியும்வரை நின்று கேட்போம்.