இரண்டாவது இணைப்பு

"வீடு என்னுடையது, பணம் என்னுடையது, வீட்டில் இரண்டு தொலைபேசி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இதில் நீதி எங்கே வந்தது, நெறி எங்கே வந்தது?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று, தோழர்களே!

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது. அந்நாளில் வீட்டிலிருந்து இணையத்திற்குச் செல்லத் தொலைபேசிக் கம்பியே பாதை. கணினி அக்கம்பியைப் பற்றிக்கொண்டால் வேறு அழைப்பு உள்ளே வாராது. மகன் கணினி முன் அமர்ந்தால் தந்தையின் வணிகம் வாயடைத்து நிற்கும். எனவே, வசதி படைத்த இல்லங்களில் இரண்டாவது இணைப்பு வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அறிவு வளர்ச்சியை நாடும் அவ்வெண்ணத்தைக் குற்றம் என்று கூறுவார் யார்?

ஆனால், அந்த வீட்டு வாயிலைத் தாண்டிச் சற்றே வெளியே பாருங்கள்! 1994ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை கூறிய கணக்கு இது: நாடு முழுமைக்கும் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 80 லட்சம். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோர் ஏறத்தாழ 25 லட்சம். 5,76,490 சிற்றூர்களில் தொலைபேசியைக் கண்டவை 1.4 லட்சம் அளவே! நள்ளிரவில் பேறுகால வலியால் துடிக்கும் தாய்க்கு மருத்துவரை அழைக்க, ஊருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லாத சிற்றூர்கள் நான்கு லட்சத்திற்கும் மேல்!

ஒவ்வோர் இணைப்புக்கும் வீட்டிலிருந்து தொலைபேசி நிலையம் வரை ஓரிணைச் செப்புக் கம்பி வேண்டும். நிலையத்தின் பொறியில் ஓர் இடமும் வேண்டும். தெருவுக்கு வரும் கேபிளில் உள்ள கம்பிகளோ எண்ணி அடக்கியவை. மாடி வீட்டுக்காரர் இரண்டாவது இணையைப் பெற்றால், அதே தெருக்கோடியில் முதல் இணைக்காகக் காத்திருப்பவர் மேலும் காத்திருக்க நேரும். ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என்னுடைய இரண்டாவது, யாருடைய முதலாவது?

"பணம் முன்கூட்டியே கட்டுகிறேன், அப்பணத்தால் துறை வளரும், பிறருக்கும் பயன்தானே?" என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. மிகுதியான முன்பணம் செலுத்துவோருக்கு முன்னுரிமை தரும் திட்டமே அக்காலத்தில் இருந்தது. மருத்துவர் போன்றோருக்கென்று தனி வரிசையும் இருந்தது. ஒன்று பணப்பையைப் பார்த்தது. மற்றொன்று தேவையைப் பார்த்தது. இவ்விரண்டில் நாகரிகச் சமுதாயம் எதைத் தன் நெறியாகக் கொள்ளும்? பணமுள்ளவன் இன்றே பெறுகிறான். இல்லாதவன் நாளை பெறுவான் என்கிறார்கள். அந்த நாளை எந்நாளோ? 1997க்குள் கேட்டவுடன் தொலைபேசி என்று 1994ஆம் ஆண்டுக் கொள்கை உரைத்தது. 1999ஆம் ஆண்டில் வந்த புதிய கொள்கை அந்நாளை 2002 எனத் தள்ளி வைத்தது!

அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச் சடங்குகள் நடத்தித் தரும் தொழில் செய்துவந்தார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புத் தருபவர், தமக்கு வரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என அவர் ஐயுற்றதாகக் கூறுவர். மனிதக் கை இடைபுகாமல் தானே இணைக்கும் பொறியைக் கண்டார். 1891இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டு நிலையங்களிலும் அப்பொறி நெடுங்காலம் இயங்கியது. அழைப்பவன் ஆண்டையா அடிமையா என்று அது கேட்டதில்லை. எண்ணைச் சுழற்றினால் இணைத்தது. பொறி நடுநிலை காத்தது; பொறிக்கு முன்னே நின்ற வரிசையை வகுத்த மனிதனோ பணம் பார்த்து வழிவிட்டான்! பாகுபாடு கம்பியிலா இருந்தது? கருத்திலன்றோ இருந்தது!

அப்படியானால், இரண்டாவது இணைப்பே கூடாது என்பதா? துறவறம் போதிப்பது நம் வேலையன்று. வசதியைப் பாவம் என்பது வைதிகம். வசதியைப் பொதுவாக்கு என்பது பகுத்தறிவு. கம்பி போதவில்லையா? மேலும் கம்பி இழுக்கச் செய்க! அதுவரை, ஒன்றும் இல்லாதவன் முன்னே நிற்கட்டும். ஒன்றுடையவன் பின்னே நிற்கட்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால் தொலைவிலுள்ள சிற்றூருக்குக் கம்பி போய்விடாது, உண்மை. அடுத்த கம்பி எங்கே செல்லவேண்டும் என்பதை அரசிடம் கேட்டுப் பெறுவது ஊரார் அனைவரின் கடமை.

இன்று கைபேசி வந்துவிட்டது. ஒரே கருவியில் இரண்டு எண்கள் குடியிருக்கின்றன. கம்பிக்குக் காத்திருந்த வரிசை கலைந்தது. ஆனால், வரிசைகளே ஒழிந்தனவா? குடிநீர்க் குழாயாக, மருத்துவமனைப் படுக்கையாக, கல்லூரி இடமாக, வேறு வேறு உருவில் அவை நம்முன் நிற்கின்றன. அவ்வரிசையில் நிற்கும் இளைஞனே! உன் கையில் பணமும் உனக்குப் பரிந்துரையும் இருக்கலாம். முன்னே செல்லக் கால் எடுக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார். உன் இரண்டாவதுக்காகத் தன் முதலாவதை இழப்பவன் முகம் அங்கே தெரியும்!