நுகத்தில் இன்னொரு கழுத்து



பொதுக்காலத்தின் 14ஆம் ஞாயிறு வாசகங்களில் இன்று விலங்குகள் நடமாடுகின்றன. செக்கரியா காட்டும் அரசர் கழுதைக் குட்டிமேல் வருகிறார். அடுத்த வசனத்திலேயே போர்க்குதிரை எருசலேமைவிட்டு அகற்றப்படுகிறது. நற்செய்தியில் ஆண்டவர் நுகத்தைப் பற்றிப் பேசுகிறார். நுகம் இருந்தால் அங்கே மாடும் இருந்தாக வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. யாங்கோனின் தாமுவே பேட்டையில் நம் வீடுகளில் இப்போது வேறு பேச்சில்லை. எந்த டியூஷன், எந்த வாத்தியார், ஜப்பானிய வகுப்புக்கு இப்போதே சேர்க்கலாமா, இதுதான் பேச்சு. நம் பேட்டையில் சைக்கசான் மைதானம் தெரியாதவர் யார்? வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூன் டர்ப் கிளப்பின் பந்தயக் குதிரைகள் ஓடிய இடம் அது. 1962இல் ஆட்சியைப் பிடித்த புரட்சிக் கவுன்சில் குதிரைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. குதிரைகள் போய்விட்டன. ஆனால் மெட்ரிக் முடிவு வரும் நாளில் எத்தனை பாடத்தில் டிஸ்டிங்ஷன் என்று ஒருவரையொருவர் விசாரிப்பதைக் கேட்டால், பந்தயம் சைக்கசானைவிட்டு நம் மாடிப்படிகளுக்குக் குடிவந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

பிள்ளைகளின் மூளை இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமல்ல. அதை எப்படிச் செய்ய வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இந்த நாட்டில் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் உயிர் உண்டு. யானை.

தேக்கங்காட்டில் மரம் இழுக்கும் யானையை உருவாக்க அந்நாளில் ஒரு குறுக்குவழி இருந்தது. காட்டில் வளர்ந்ததைப் பிடிப்பது, கட்டுவது, பட்டினி போடுவது, அடிப்பது, அதன் மனம் உடையும்வரை விடாமலிருப்பது. முகாமில் பிறந்த குட்டியை வளர்ப்பது வீண் செலவு என்பது மரக் கம்பெனிகளின் கணக்கு. வேலை செய்ய வருடங்கள் ஆகும், தாயின் வேலையும் கெடும். போ டோக் என்ற பர்மியப் பாகன் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1897இல் பிறந்த பண்டூலா என்ற குட்டியை அவர் கனிவாலேயே பழக்கினார். நம் நகரத்துப் பூங்காவுக்குப் பெயர் தந்த அதே தளபதியின் பெயர்தான் அந்தக் குட்டிக்கும். 1920இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு வேலைக்கு வந்த வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் போ டோக்கிடம் பாடம் கற்றார். பின்னால் உலகம் அவரை ‘யானை பில்’ என்று கொண்டாடியது. கற்றுக்கொடுத்தவரின் பெயரைக் கொண்டாட ஆளில்லை. உலக வழக்கம் அப்படி.

1944இல் யுத்தத்துக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட யானைகளோடும், அடைக்கலம் தேடிய பெண்கள், குழந்தைகளோடும் வில்லியம்ஸும் பாகன்களும் அசாம் நோக்கி மலை ஏறினார்கள். இரண்டு வருடம் முன்பு, 1942இல், நம் தாத்தா பாட்டிமார் கால்நடையாக இந்தியா போனதும் மேற்கு எல்லை மலைகளைத் தாண்டித்தான். எத்தனை வீட்டார் வழியிலேயே ஆளைப் பறிகொடுத்தார்கள்! யானைகளுக்கு முன்னே செங்குத்தான பாறை வந்தது. அதில் படி வெட்டினார்கள். முதலில் ஏறியது பண்டூலா. மற்ற யானைகள் அதன் பின்னால் ஏறின. அடித்து உடைத்த மனம் அந்தப் படியில் கால் வைத்திருக்குமா? அடி வாங்கிய யானை அடிக்குப் பயந்து மரம் இழுக்கும். தெரியாத பாறைமேல் பாதம் வைக்க வேறொன்று வேண்டும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு, மியான்மார் மர இலாகாவின் பதிவேடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளின் வாழ்வைக் கணக்கெடுத்தது. காட்டிலிருந்து பிடிபட்டவை, முகாமில் பிறந்தவற்றைவிட மூன்று முதல் ஏழு ஆண்டு குறைவாக வாழ்கின்றனவாம். இரண்டும் செய்வது ஒரே வேலை, இரண்டையும் இரவில் காட்டில் மேயத்தான் விடுகிறார்கள். ஆனாலும் பிடிபட்ட அதிர்ச்சியின் விளைவு பல ஆண்டுகள் தொடர்கிறது. முகாமில் பிறந்த குட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாயைப் பிரித்துப் பழக்கத் தொடங்கும் நான்கு வயதையொட்டி அவற்றிலும் சாவு கூடுகிறது. எவ்வளவு கனிவாகச் செய்தாலும் பழக்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் குட்டிதான் கொடுக்கிறது.

மண்டலேவுக்கு மேலே ஐராவதி ஆற்றில் இன்னொரு விதமும் இருக்கிறது. மீனவர் படகின் விளிம்பைக் கட்டையால் தட்டுவார், தொண்டையில் ஓர் ஒலி எழுப்புவார். ஓங்கில்கள் வந்து மீன் கூட்டத்தை வளைத்துப் படகுப் பக்கம் தள்ளும். வால் அசைந்தால் வலை வீச வேண்டும். வலையிலிருந்து தப்பும் மீன் ஓங்கிலுக்கு. இதில் யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தார்? வாலைப் படிக்க மனிதனும் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கிறான். அதே ஆற்றில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஓங்கிலிடமும் எதையும் கற்க வேண்டியதில்லை.

இனி நற்செய்திக்கு வருவோம். தம் நுகத்தை ஏற்கும்படி சொன்ன ஆண்டவர், தம்மிடம் கற்கும்படியும் அதே மூச்சில் சொல்கிறார். ஏர் பூட்டிய குடும்பத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புதுக் காளையைத் தனியாகப் பூட்டமாட்டார்கள். பழகிய மாட்டோடு இணைத்துப் பூட்டுவார்கள். பளுவில் பெரும்பங்கைப் பழகிய மாடு தாங்கும், சின்னது பக்கத்தில் நடந்தே கற்கும். ஆண்டவர் சாட்டையோடு பின்னால் நிற்கவில்லை. நுகத்தின் மறுபக்கத்தில் அவருடைய கழுத்து இருக்கிறது. அதனால்தான் அது இனிய நுகம்.

பெற்றோர்களே, மகனைப் படி படி என்று சொல்லிவிட்டு நாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், நம் கழுத்து எங்கே இருக்கிறது?

டீக்கடையில் வேலை செய்யும் பையன்களைக் கவனித்திருப்பீர்கள். கிராமத்திலிருந்து வந்த சிறுவன். கையில் தாளில்லை, பேனாவில்லை. எந்த மேசையில் யாருக்கு இனிப்பு கூட, யாருக்குக் கடுப்பு, யார் சமூசா சொன்னார், யார் இன்னும் காசு தரவில்லை, எல்லாம் தலையில் இருக்கிறது. ‘இவன் மண்டையில் ஏறாது’ என்று ஏதோ ஒரு வகுப்பறை சொல்லி அனுப்பிய மண்டையாகவும் அது இருக்கலாம். அவன் திறமையை மெச்சிவிட்டு டீயைக் குடித்து எழுந்துபோவது சுலபம். அவன் இருக்க வேண்டிய இடம் கடையல்ல என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

செக்கரியாவின் கழுதைக் குட்டிக்கு வருகிறேன். அந்த இறைவாக்கு நிறைவேறிய நாளைப் பற்றி மாற்கு ஒன்று சொல்கிறார்: அதுவரை யாரும் ஏறாத குட்டி அது. பழக்கப்படாத குட்டிமேல் ஏறினால் உதறித் தள்ளும். அதுவும் கிளையை ஆட்டிக்கொண்டு கூட்டம் கத்தும்போது! ஆனாலும் அது நடந்தது. எப்படி என்பதற்கு மத்தேயுவிடம் ஒரு குறிப்பு கிடைக்கிறது என்று நினைக்கிறேன். குட்டியை மட்டும் அவர்கள் அவிழ்த்துக்கொண்டு வரவில்லை. தாயையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆண்டவருக்கு அன்று வேலை குட்டியிடம்தான் இருந்தது. தாயைப் பிரிக்காமலே அதை அவர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வியும் தமிழ் வகுப்பும் தொடங்குகின்றன. பிரம்பு வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். பின் வரிசை பெஞ்சுகள் அம்மா அப்பாவுக்கு. தமிழ் எழுத்து மறந்துபோனவர்கள் பிள்ளையின் நோட்டையே பார்த்து எழுதலாம், வெட்கம் வேண்டாம். டீக்கடைப் பையன்கள் வந்தால் எந்தச் சபை, எந்த மதம் என்று வாசலில் யாரும் கேட்க வேண்டாம். அவர்களுக்குக் காலையில் விடுப்புக் கிடைக்காது. கடை முதலாளிகள் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.