எஞ்சிய கலமும் ஊழும்

ஊழ் முயற்சியை வெல்வதா, முயற்சி ஊழை வெல்வதா என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறள் 38 ஆம் அதிகாரத்தை ஊழுக்கும் 62 ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கும் வகுத்தளித்தமை, வள்ளுவர் இவ்விரண்டில் ஒன்றையேனும் கைவிட விரும்பவில்லை என்பதைக் காட்டும். அவ்வினா இன்று எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சையின் கணிதத்தில், மீண்டும் எழுந்து நிற்கின்றது.

கதிர்வீச்சு உயிர்க்கலங்களைத் தாக்கும் முறை முற்றத்தில் மழைத்துளி வீழ்வதைப் போன்றது. எக்கல் நனையும், எக்கல் தப்பும் எனக் கூறவியலாது. எத்தனை தப்பும் எனச் சராசரி கூறலாம். டக்ளஸ் லீ 1946 இல் வெளியிட்ட நூலில் இவ்வடிப்படையை விரித்துரைத்தார். 1956 இல் பக், மார்க்கஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மனிதக் கலங்களின் மீது கதிரைச் செலுத்தி, எஞ்சியவற்றை எண்ணி வளைகோடு வரைந்தனர். அக்கலங்கள், ரேடியச் சிகிச்சை பெற்றும் 1951 இல் மாண்ட ஹென்றியேற்றா லாக்ஸ் என்னும் பெண்ணிடமிருந்து அவரது இசைவின்றிப் பெறப்பட்டவை என்பது இங்கே மறக்கத்தக்கதன்று.

கணக்கு எளிது. ஒரு கிராம் அளவான கட்டியில் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் உள எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 2 கிரே கதிர் அவற்றுட் பாதியை அழிக்குமாயின், 30 நாட்களின் பின் எஞ்சுவது சராசரியாக ஒரே கலம். ஆனால் சராசரி ஒன்று என்பதன் பொருள், நூறு நோயாளருள் ஏறக்குறைய 37 பேரிடம் ஒரு கலமும் எஞ்சாது. ஏனையோரிடம் ஒன்றோ பலவோ எஞ்சும் என்பதாகும். மேலும் மூன்று நாட் சிகிச்சை அளித்தால் 37 என்பது 88 ஆக உயரும். மெய்யான நோயாளர் ஒருவரையொருவர் ஒவ்வாராதலின் நடைமுறையில் ஏற்றம் இத்துணைச் செங்குத்தாக இராது. கதிரளவை வேண்டியமட்டும் கூட்டவும் இயலாது. தாடையெலும்பும் உமிழ்நீர்ச் சுரப்பியும் அதே கதிரைத் தாங்குபவை.

இவ்வளவில் நிற்பின், எஞ்சிய கலம் ஊழின் செயலே. வைத்தியரையோ நோயாளியையோ குறைகூற இடமில்லை. ஆயின் சமன்பாட்டிற் காலமும் ஓர் உறுப்பு. சிகிச்சை நீள நீள, எஞ்சிய கலங்கள் பெருகுகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்ய 0.6 கிரே வரை கூடுதலாக வேண்டும் என 1988 இல் விதர்ஸ் முதலியோர் கணித்தனர். அவ்வாறாயின் ஐந்து நாட் தாமதம் மேற்சொன்ன 88 ஐ 70 ஆகத் தாழ்த்தும்.

களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை எண்ணிப் பார்க்கலாம். மீன்பிடியும் துறைமுகத் தொழிலும் சார்ந்த ஊர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோருக்குக் குறைவில்லை. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோயே முன்னிற்பது. அங்கிருந்து மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர் புறக்கோட்டையில் பேருந்து மாறி, வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம் செல்ல வேண்டும். அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். அன்றாடக் கூலியை இழப்பது இலவசமன்று. அவர் ஐந்து நாள் தவறினால், நூற்றுக்குப் பதினெட்டு என்னும் அவ்விழப்பு யாருடையது?

"விதி" என்பார் உறவினர். "ஒழுங்காக வரவில்லை" என எழுதி முடிக்கும் பதிவேடு. இரண்டும் பிழை. முன்னது தடுக்கக்கூடியதைத் தடுக்கவொண்ணாததென்கிறது. பின்னது, பலர் சேர்ந்து சுமக்க வேண்டியதை மிக நலிந்த ஒருவரின் தோளில் ஏற்றுகிறது. எப்பகுதி தற்செயல், எப்பகுதி தாமதம் எனப் பிரித்துக் காட்டுவதே கணிதம் இங்கு ஆற்றும் அறப்பணி. எல்லாம் நிகழ்தகவே என்று கைவிரிப்பவர் அக்கணிதத்தைப் பாதியே படித்தவர்.

தவறிய நாளுக்கு ஈடு உண்டு. வார இறுதியிற் சிகிச்சை அளிக்கலாம். அல்லது ஒரே நாளில் காலை ஒருமுறையும், குறைந்தது ஆறு மணிநேரம் கழித்து மறுமுறையும் அளிக்கலாம். நலமுள்ள கலங்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ள அவ்விடைவேளை வேண்டும். அந்த ஆறு மணிநேரம் நோயாளி எங்கே இருப்பார், என்ன உண்பார் என்பதற்குச் சமன்பாட்டில் எழுத்தில்லை. தாழ்வாரத்தில் ஒரு வாங்கும், ஒரு வேளைக் கஞ்சியும், அன்றையக் கூலிக்கு ஏதேனும் ஓர் ஈடும் போதும்.