யாருடைய படம்?

ஒரு திருமண வீட்டில் எடுக்கப்பட்ட நிழற்படம் யாருக்குச் சொந்தம், வாசகர்களே? கமெராவைப் பிடித்தவருக்கா, அதில் முகம் காட்டி நிற்பவருக்கா?

முன்னர் இக்கேள்வி அதிகம் எழவில்லை. ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். அவற்றைக் கழுவிப் பிரதி எடுக்கவும் பணம் வேண்டும். ஆகவே நல்லவற்றைத் தெரிந்து அல்பத்தில் ஒட்டினோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைக் காட்டினோம். தூரத்து உறவினருக்கு இரண்டொரு பிரதிகளைத் தபாலில் அனுப்பினோம். இன்றோ ஒரே நாளில் எண்ணூறு படங்கள் கைத்தொலைபேசியில் சேர்ந்துவிடுகின்றன. 2015இல் கூகிள் நிறுவனம் படங்களை அளவின்றி இலவசமாகச் சேமிக்க இடமளித்தது. 2021 ஜூன் முதலாம் திகதியுடன் அச்சலுகை முடிந்தது. ஆயினும் ஒன்றையும் தெரிவு செய்யாது எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இதில் நன்மை இல்லை என்று யாரும் கூற முடியாது. 1995இன் இடப்பெயர்விலும் 2004இன் ஆழிப்பேரலையிலும் எத்தனையோ குடும்பங்கள் அல்பங்களை இழந்தன. வெளிநாட்டு உறவினரிடம் இருந்த ஒரு பிரதியிலேயே தம் பெற்றோரின் முகத்தை மீண்டும் கண்டவர்கள் நம்மிடையே உளர். பல நாடுகளில் சிதறி வாழும் குடும்பத்துக்குப் படங்களைப் பகிர்ந்துகொள்வது ஓர் ஆறுதல். சில வேளைகளில் அது ஒரு கடமையுங்கூட.

ஆயின் அன்பு மாத்திரம் ஒருவருக்கு உரிமை அளித்துவிடுமா? நெதர்லாந்தில் ஒரு பாட்டி தம் பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலில் வெளியிட்டார். அவற்றை நீக்குமாறு பிள்ளைகளின் தாய், அதாவது அவருடைய சொந்த மகள், பல தடவை கேட்டும் அவர் இணங்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2020 மே மாதத்தில் நீதிபதி படங்களை நீக்கும்படி தீர்ப்பளித்தார். தவறும் ஒவ்வொரு நாளுக்கும் 50 யூரோ, மொத்தமாக 1,000 யூரோ வரை தண்டம். குடும்ப விவகாரம் என்று இதை விட்டுவிட முடியாது, அப்படங்கள் அந்நியர் கைக்கும் போகக்கூடும் என்பதே நீதிமன்றத்தின் கருத்து. பாட்டியின் பாசத்தை எவரும் ஐயுறவில்லை. தாயின் சொல்லை மீற அப்பாசம் போதாது என்பதே முடிவு.

அந்நியர் கைக்குப் போவது வெறும் அச்சமன்று. பிளிக்கர் என்னும் தளத்தில் பெற்றோர் பலர் நண்பர்களும் உறவினரும் பார்க்கவென்று தம் பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் வைத்திருந்தனர். முகங்களை இனங்காணக் கணினிகளைப் பழக்குவதற்காக, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கிருந்து ஏறத்தாழ 672,000 பேரின் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமான படங்களைத் திரட்டினர். ‘மெகாபேஸ்’ எனப்பட்ட அத்தொகுப்பைப் பல நிறுவனங்கள் பெற்றுப் பயன்படுத்தின. படத்தில் இருந்த பிள்ளைகளை எவரும் கேட்கவில்லை. தொகுப்பு பின்னர் மீளப்பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே எடுத்துச் செல்லப்பட்ட பிரதிகளை யார் திருப்பி வாங்குவது?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பகிர்தல் என்றால் பங்கிடுதல். பங்கிடுபவருக்கு யாருக்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்பது தெரியும். எண்ணூறு படங்களைப் பார்க்காமலே ஏற்றி, எவரும் திறக்கக்கூடிய இணைப்பாக விடுபவர் பங்கிடவில்லை; கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்.

மரண வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவனின் பெட்டியருகே தலைவிரித்து அழும் பெண்ணின் படத்தை, வர முடியாமற்போன ரொறன்ரோ மகன் பார்ப்பது நியாயம். அவனும் அந்தத் துக்கத்தின் பங்காளி. அதே படம் முன்பின் அறியாத ஆயிரம் பேரின் கண்ணுக்குப் படும்போது, அப்பெண்ணின் துயரம் வேடிக்கைப் பொருளாகிறது. படம் ஒன்றே, பார்ப்பவர் மாறியதால் செயலின் தன்மையும் மாறிவிட்டது. அந்த வேளையில் தன்னைக் காத்துக்கொள்ள அவளால் இயலாது. அவளுக்காக நினைத்துப் பார்க்கும் பொறுப்பு கமெரா பிடித்தவருடையது. குளிக்கும் குழந்தைக்கும் நினைவு தவறிய முதியவருக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே படங்களை அனுப்புமுன் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது பாருங்கள். எண்ணூறில் நாற்பதைத் தெரியுங்கள். பெறுபவரும் அவற்றையே மனமொன்றிப் பார்ப்பார். பொதுத் தளத்தில் இடாமல் உரியவருக்கே அனுப்புங்கள். படத்தில் உள்ளவரைக் கேளுங்கள்; சிறுவராயின் பெற்றோரைக் கேளுங்கள், விபரம் தெரிந்த பிள்ளையாயின் அப்பிள்ளையையும் கேளுங்கள். ஒருவர் நீக்கச் சொன்னால் காரணம் கேளாது நீக்கிவிடுங்கள். இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் செல்லலாம். அந்த அரை மணி நேரத்தை, படத்தில் இருப்பவருக்கு நாம் கொடுக்க வேண்டிய கடனாக எண்ணிக்கொள்வோம்.